தொம்மை அண்ணனின் குண்டுப் பம்பு

விடிந்தால் மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் எல்லாப் படகும் புதுப் பெயிண்டும் கொடியுமாய் நிற்க, ரெஜினாளின் படகு மட்டும் வயிற்றைத் திறந்துபோட்டுக் கிடந்தது. பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, லாரி எஞ்சின் ஒன்றை இறக்கியாயிற்று. டீசல் பம்பு எதை மாட்டுவது என்பதில்தான் இழுபறி. எஞ்சினோடு வந்த சின்னப் பம்பு ஒன்று, தொம்மை விற்கக் கொண்டுவந்த குண்டுப் பம்பு ஒன்று. தப்பாய் மாட்டினால் முதல் நாள் மீன்பாடு போச்சு. போன வருடமும் அவளுக்கு அது போனதுதான். கட்டிக் கிடந்த படகில் டாங்கு டீசல் மாயமாகி, ஊரே கடலுக்குப் போக அவள் கரையில் நின்றாள். அந்த வயிற்றெரிச்சல் இன்னும் ஆறவில்லை.

சொந்தப் படகு வைத்து ஓட்டும் தொம்மை வாயைத் திறந்தால் புளுகு வண்டி வண்டியாய் வரும் என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் பம்பு பளபளவென்று இருந்ததே, மனசு சபலப்பட்டது.

"தங்கச்சி, போன சீசன் பூரா என் போட்டுல ஓடுன பம்பு இது. ஆக்சிலேட்டர தொட்டதுதான் தெரியும், சத்தத்த கரையிலயே விட்டுட்டு போட்டு போயிருச்சு. வலைய இறக்குனப்புறந்தான் சத்தம் வந்து சேந்துச்சு."

"வந்த சத்தத்துக்கு டீ குடுத்தீரா ஓய்?" என்றார் எஞ்சினுக்குள் தலையை விட்டிருந்த ரொசாரி மேஸ்திரி.

"நக்கலா? கேளும். போற வேகத்துல தண்ணி கொதிச்சு, சாளை மீனு பூரா வெந்து மெதக்குது. உப்புதான் கடல்லயே இருக்கே, மொளகாப்பொடிய மட்டும் தூவித் தின்னோம்."

கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர்கள் ஊசியை வைத்துவிட்டுக் கிட்டே வந்தார்கள். கூட்டம் கூடிவிட்டால் தொம்மைக்குக் கேட்கவா வேண்டும்!

"திரும்புன வேகம் இருக்கே, பொறப்பட்ட நாளுக்கு முந்துன நாளே கரைக்கு வந்துட்டோம். அன்னைக்கு தடை முடியல பாத்துக்கிடும். தடையில கடலுக்குப் போனியாலேன்னு ஆபீசர் புடிச்சுட்டாரு. 'சார், நான் நாளைக்குத்தான் போவேன், இன்னும் போவவே இல்ல'ன்னு, கட்டிக் கெடந்த என் போட்டையே காட்டித் தப்பிச்சேன்!"

மேஸ்திரி தலையை வெளியே எடுத்தார். "எம்மா, எஞ்சினுக்குன்னு வந்த பம்பே போதும். தேவைக்கு மேல டீசல அடிச்சா கரும்புகைதான் வரும்."

டீசல் என்றதும் ரெஜினாளுக்குப் பழைய எரிச்சல் கிளம்பிவிட்டது. "அம்புட்டு வேகத்துக்கு டீசல் எவ்வளவுண்ணே ஊத்துனீங்க?"

"ஊத்துறதா? ஒரு சொட்டு ஊத்தல! இந்தப் பம்போட இழுவை அப்படி. கட்டிக் கெடக்கும்போதே பக்கத்துப் போட்டு டாங்குல உள்ளத பூரா தானா இழுத்துக்கிடும்!"

எல்லாரும் சிரித்தார்கள். ரெஜினாள் சிரிக்கவில்லை.

"போன சீசன்ல உங்க போட்டுக்குப் பக்கத்துல கட்டிக் கெடந்தது யாரு போட்டுண்ணே?"

தவளை தன் வாயால் கெடும் என்பது சும்மாவா? தொம்மைக்கு முகம் வெளிறிவிட்டது. "அது... ஒரு பேச்சுக்குச் சொன்னது தங்கச்சி. இது அம்புட்டெல்லாம் இழுக்காது."

"மேஸ்திரி, சின்னதையே மாட்டுங்க," என்றாள் ரெஜினாள். பிறகு தொம்மையிடம் திரும்பினாள். "என் டாங்குல இருந்து போன டீசல் திரும்பி வரணும். உங்க வேகத்துக்கு அது நேத்தே வந்திருக்கணுமேண்ணே, இன்னும் காணலியே?"