நாச்சியாரின் இலை

மலையடிவாரத்து மருத்துவப் பள்ளியில் ஒரு வழக்கம் இருந்தது. அங்கே தன் இலையில் தானே பரிமாறிக்கொள்ளும் மாணவி ஒருத்தியும் இல்லை.

பள்ளியில் சேர்ந்த அன்றே மாணவிகளை இரண்டிரண்டு பேராக இணைத்துவிடுவார்கள். ஒருத்தி அமர்வாள், மற்றவள் பரிமாறுவாள். பிறகு இடம் மாறுவார்கள். இணையின் பசியை அறியாதவள் நோயாளியின் பசியை எப்படி அறிவாள் என்று அந்தப் பள்ளியைத் தொடங்கியவர் கேட்டாராம். அவர் பெயரை மறந்துவிட்டார்கள். வழக்கத்தை மறக்கவில்லை.

விடியலில் மலைமேல் உள்ள சுனையிலிருந்து நீர் கொண்டுவருவதும் இணையாகத்தான். நீண்ட மூங்கில் ஒன்று. அதன் நடுவே கயிற்றில் தொங்கும் பித்தளைக் குடம். முன்முனை ஒருத்தியின் தோளில், பின்முனை மற்றவளின் தோளில். செங்குத்தான கற்படிகளில் ஏறி இறங்குவதற்குள் உடம்பு வியர்த்துவிடும். மாணவிகளுக்கு வேறு உடற்பயிற்சி தேவைப்படவில்லை.

நான்கு ஆண்டுகள் உலகம்மையும் நாச்சியாரும் ஓர் இணையாக இருந்தார்கள். ஐந்தாம் ஆண்டு மாசி மாதத்தில், ஆறு நாள் சுரத்தில் நாச்சியார் இறந்துபோனாள்.

இணையில் ஒருத்தி இல்லாமற்போனால் மற்றவள் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அங்கே வழக்கம் ஏதும் இல்லை. அதற்குமுன் அப்படி நேர்ந்ததில்லை.

உலகம்மை மூங்கிலைச் சுவரோரம் சாத்தினாள். உணவுக்கூடத்துக்கு வருவதை நிறுத்தினாள். சித்திரை முழுநிலவன்று இறுதித் தேர்வு. மருத்துவ நூல் முழுவதையும் அவையில் மனப்பாடமாக ஒப்பிக்க வேண்டும். அவள் ஊரில் மருத்துவர் கிடையாது. அவள் திரும்பி வருவாள் என்று ஊரார் மருத்துவக் குடில் ஒன்றுக்குக் கூரை வேய்ந்து காத்திருந்தார்கள்.

யார் என்ன கேட்டாலும், "படிக்க வேண்டும், நேரமில்லை" என்றாள். வலக்கையால் அவலை அள்ளி வாயில் போட்டுக்கொண்டே இடக்கையால் ஏட்டைத் தள்ளுவாள். சில நாள் அவலும் கிண்ணத்திலேயே கிடக்கும்.

ஒருநாள் பூங்காவனம் வந்து அவள் எதிரே அமர்ந்தாள். உடன் படிப்பவள், வாய்த்துடுக்கு மிக்கவள்.

"உலகு, கறையான்கூட ஏட்டைத் தின்றுவிட்டுச் சற்றே இளைப்பாறும். நீ எழுந்தே வரமாட்டேன் என்கிறாயே!"

"தேர்வுக்கு இருபது நாள்தான் இருக்கிறது."

"எனக்கென்ன இருபது மாதமா இருக்கிறது? வா. என்னோடும் என் இணை தையலோடும் உட்கார். நாங்கள் பரிமாறுகிறோம்."

"மூன்று பேர் ஓர் இணையா?"

"ஏன், அடுப்புக்கு மூன்று கல் இல்லையா?"

உலகம்மை சிரித்தாள். கன்னம் வற்றிய முகத்தில் அந்தச் சிரிப்பு நெடுநேரம் நிற்கவில்லை.

"நாளைக்கு வருகிறேன்."

"நேற்றும் நாளைக்குத்தான் வருவதாகச் சொன்னாய்."

பூங்காவனம் எழுந்தாள். கிண்ணத்தில் கிடந்த அவலைப் பார்த்தாள். மேற்கொண்டு கேலி பேச அவளுக்கு மனம் வரவில்லை.

பள்ளியின் ஆசிரியை மங்கையர்க்கரசி. உலகம்மையைவிட ஆறே வயது மூத்தவர். மாணவிகள் அவரை 'அக்கா' என்றே அழைப்பார்கள். அந்த அழைப்பில் அச்சம் குறைவு; பணிவு குறைவதில்லை. அவர் கூடத்தில் உண்பதில்லை. சமையற்காரி அவர் அறையில் உணவை மூடி வைத்துவிட்டுப் போவாள்.

மறுநாள் ஒத்திகை. உலகம்மை நாடிப் படலத்தைப் பிழையின்றிச் சொன்னாள். எண்ணெய்ப் படலத்தையும் மூலிகைப் படலத்தையும் மூச்சு வாங்க வாங்கச் சொல்லி முடித்தாள். அடுத்தது சுரப் படலம். வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை.

சுரம் கண்டவருக்கு உணவை நிறுத்த வேண்டும் என்று தொடங்கும் பாடல் அது. முதலாண்டு மாணவிக்கும் தெரியும்.

மீண்டும் தொடங்கினாள். மீண்டும் அங்கேயே நின்றாள். மூன்றாம் முறை, தூணைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மற்றவர்களை அனுப்பிவிட்டு ஆசிரியை அவள் அருகே வந்தார். மணிக்கட்டைப் பற்றி நாடி பார்த்தார்.

"எத்தனை நாள் ஆயிற்று?"

"எதற்கு, அக்கா?"

"வயிறார உண்டு."

உலகம்மை கையை மெல்ல இழுத்துக்கொண்டாள். "தேர்வு முடியட்டும். அதன்பின் பழையபடி உண்பேன். மலையும் ஏறுவேன். இப்போது நினைவுக்கு ஒரு மருந்து கொடுங்கள். வல்லாரை கொடுத்தால் போதும்."

"வல்லாரை சுனைக்கரையில் இருக்கிறது. நாளை விடியலில் பறிக்கலாம். வரும்போது மூங்கிலையும் எடுத்து வா."

"எனக்குத்தான் இணை இல்லையே, அக்கா."

"மூங்கிலுக்கு மறுமுனை இருக்கிறதல்லவா?"

விடியலில் இருவரும் ஏறினார்கள். வெறுங்குடம்தான், ஆயினும் இருபதாம் படியிலேயே உலகம்மைக்கு மூச்சு இறைத்தது. முன்பெல்லாம் அவளும் நாச்சியாரும் பேசிக்கொண்டே ஏறுவார்கள். நாச்சியார் ஓயாமல் குறை சொல்வாள். படி உயரம் என்பாள். குடம் நசுங்கல் என்பாள். உலகு, உன் தோள் உயரம், பாரமெல்லாம் என் பக்கம் சரிகிறது என்பாள். சுனை வந்ததே தெரியாது.

"உட்காரலாமா, அக்கா?"

"உட்கார்."

இன்னும் சில படிகள் ஏறியபின் ஆசிரியையே, "உட்காரலாம்" என்றார். உலகம்மை திரும்பிப் பார்த்தாள். ஆசிரியையின் வளையல் முழங்கை வரை நழுவியிருந்தது. அது அப்படி நழுவி அவள் பார்த்ததில்லை.

சுனையை அடைந்தபோது வெயில் வந்துவிட்டது. ஆசிரியை குடத்தை நீரில் அமிழ்த்தினார். கரையெங்கும் வல்லாரை படர்ந்திருந்தது. அவர் அதன் பக்கம் திரும்பவே இல்லை.

"வல்லாரை பறிக்கவில்லையே, அக்கா?"

"எதற்கு? நீ எதையும் மறக்கவில்லை."

குடம் நிறைந்ததும் உலகம்மை பேசினாள்.

"மூன்றாம் நாள் நான் அவளுக்குச் சோறு கொடுத்தேன்."

ஆசிரியை குடத்தைக் கரையேற்றினார்.

"சுக்கு வெந்நீர் தவிர ஒன்றும் கூடாது என்று நீங்கள் சொல்லியிருந்தீர்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, பசிக்கிறது உலகு, பசிக்கிறது என்றாள். நான்கு ஆண்டுகள் அவள் இலையில் பரிமாறிய கை இது. என்னால் பொறுக்க முடியவில்லை. மிளகு ரசத்தில் சோற்றைக் குழையப் பிசைந்து கொடுத்தேன். அன்று இரவே சுரம் ஏறிவிட்டது. அதன்பின் நான் அவள் அறைக்குள் போகவே இல்லை. போகக் கால் வரவில்லை. எவரிடமும் இதைச் சொல்லவில்லை, அக்கா."

"எனக்குத் தெரியும்."

உலகம்மை திடுக்கிட்டாள். "யார் சொன்னது?"

"அவளே சொன்னாள். அன்று மாலை, சுரம் ஏறுவதற்குமுன்."

"என்ன சொன்னாள்?"

"இறங்கியபின் சொல்கிறேன்."

"அக்கா, ஒன்றுக்கு மட்டும் இப்போதே விடை சொல்லுங்கள். என் சோறுதானே அவளைக் கொன்றது?"

"தெரியாது."

"நீங்கள் ஆசிரியை. உங்களுக்குத் தெரியாதா?"

"நீ சுவடியை வைத்துக்கொண்டு அமர்ந்திருந்த நாளெல்லாம் நானும் சுவடியை வைத்துக்கொண்டுதான் அமர்ந்திருந்தேன். நம்மிடம் உள்ள ஏடு அத்தனையும் பார்த்துவிட்டேன். சோற்றால் போனாளா, பட்டினியால் போனாளா, எப்படியும் போயிருப்பாளா? எந்த ஏட்டிலும் இல்லை." ஆசிரியை மூங்கிலைக் கயிற்றில் நுழைத்தார். "உண்ணாதே என்றது என் வாய். உண் என்றது உன் கை. பிழை செய்தது எது என்று நான் சாகும்வரை எனக்குத் தெரியப்போவதில்லை. தூக்கு."

உலகம்மை தூக்கினாள். இறங்கும்போது முன்னே செல்பவளின் பக்கம் பாரம் சரியும். ஆசிரியை முன்னே சென்றார். அவர் தோள் நடுங்குவது மூங்கில் வழியே உலகம்மைக்குத் தெரிந்தது. அவள் ஒரு கையை நீட்டிக் கயிற்றைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அதன்பின் இடையில் எங்கும் அவர்கள் உட்காரவில்லை. ஆனாலும் நீர் தளும்பித் தளும்பிப் பாதிக் குடம்தான் அடிவாரம் வந்து சேர்ந்தது.

உணவுக்கூடத்தில் எல்லாரும் உண்டு முடித்திருந்தார்கள். ஆசிரியை இரண்டு இலைகளை எடுத்து எதிரெதிரே விரித்தார். ஒன்று உலகம்மை வழக்கமாக அமரும் இடம். மற்றது நாச்சியாரின் இடம். அந்த இடத்தில் அன்றுவரை எவரும் இலை போடவில்லை. மெழுகும்போதுகூட அதைத் தொடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள்.

சமையற்காரி சின்னாத்தாள் கதவருகே வந்து நின்று மூக்கின்மேல் விரலை வைத்தாள்.

"அம்மணி இங்கேயா உண்ணப் போகிறீர்கள்? நல்லதாய்ப் போயிற்று! இத்தனை நாளும் உங்கள் அறையில் நான் மூடி வைத்த சோறெல்லாம் அணிலுக்குத்தான் போயிற்று. அந்த அணில் கொழுத்துப்போய்ச் சாளரத்தில் ஏற மாட்டாமல் விழுகிறது. நீங்கள் மட்டும்..."

"சின்னாத்தாள், மிளகு ரசம் இருக்கிறதா?"

"இருக்கிறது, அம்மணி."

"கொண்டு வா. சோறும் கீரை மசியலும் உப்பும் கொண்டு வா. வைத்துவிட்டுப் போ."

உலகம்மை ஆசிரியையின் வளையலைப் பார்த்தபடியே நின்றாள்.

"நீங்களும் உண்ணவில்லையா, அக்கா?"

"உட்கார்."

"அவள் என்ன சொன்னாள்?"

"உண்டவளுக்குத்தான் சொல்வேன்."

உலகம்மை அமர்ந்தாள். ஆசிரியை சோற்றை அளவாக இட்டார், அதிகம் இடவில்லை. நெடுநாள் ஒட்டிய வயிற்றுக்கு எவ்வளவு தகும் என்று அறிந்த கை அது. கீரை மசியலும் வைத்தார். உலகம்மை முதற்கவளத்தை எடுத்தாள். அது வாய்வரை சென்று திரும்பியது. மறுபடியும் எடுத்தாள். விழுங்கினாள். கண்ணீர் இலையில் விழுந்தது, துடைக்கவில்லை. ஆசிரியை அவசரப்படுத்தவில்லை. "இன்னும் கொஞ்சம் இடட்டுமா?" என்று ஒரே ஒருமுறை கேட்டார். உலகம்மை தலையசைத்தாள். இட்டார். அதையும் உண்டாள்.

பிறகு வழக்கப்படி இடம் மாறினார்கள். உலகம்மை எழுந்தாள். ஆசிரியை நாச்சியாரின் இலைமுன் அமர்ந்தார்.

"அன்று அவளுக்கு எப்படிக் கொடுத்தாயோ, அப்படியே கொடு."

"அக்கா, வேண்டாம்."

"எனக்குப் பசிக்கிறது, உலகு."

அந்தச் சொற்களைக் கேட்டதும் உலகம்மையின் கை தானே கிண்ணத்துக்குள் போயிற்று. சோற்றில் ரசத்தை ஊற்றினாள். பருக்கை தெரியாதபடி பிசைந்தாள். உப்பை எடுத்தாள். சுரத்தில் கிடப்பவளுக்கு ஆகாது என்று அன்று பாதி உப்புதான் போட்டிருந்தாள். இன்றும் பாதியே போட்டாள். பிசைந்ததை இலையில் வைத்தாள்.

ஆசிரியை ஒரு கவளம் எடுத்து வாயிலிட்டார். மெல்ல மென்றார். விழுங்க நேரமாயிற்று. இரண்டாவது கவளத்தையும் எடுத்தார்.

"நான் உண்டுவிட்டேன், அக்கா. இப்போது சொல்லுங்கள். அவள் என்ன சொன்னாள்?"

ஆசிரியை இலையைப் பார்த்தபடியே சொன்னார்.

"'உலகு சோறு கொடுத்தாள், அக்கா. உப்புப் போதவில்லை. நாளைக்குச் சரியாகப் போடச் சொல்லுங்கள்' என்றாள்."