எலுமிச்சை மரத்துக் கூடு

மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஓட்டுக் கூரை, இரண்டு மாடு, ஒரு தோட்டம், அவ்வளவுதான். அதை நடத்திவந்த உலகம்மைக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. ஒரு காலத்தில் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்தியவர். அவருடைய சிஷ்யர் பேச்சிமுத்துவுக்கோ அறுபது தாண்டிவிட்டது. பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற மனுஷர். குரு சிஷ்யரை 'அண்ணாச்சி' என்று கூப்பிடுவார், சிஷ்யர் குருவை 'அம்மா' என்பார். பார்க்கிறவர்களுக்குத்தான் குழப்பம், அவர்களுக்கு ஒன்றும் இல்லை.

அன்று காலையில் பேச்சிமுத்துவைத் தேடிக்கொண்டு ஒருவர் வந்தார். அண்ணன் மகள் பூமாரியின் புருஷன்.

"மாமா, வளைகாப்பு முடிஞ்சுட்டு. தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகணும்லா? சித்தப்பா வந்து கூப்பிட்டாத்தான் படி இறங்குவேன்னு பிடிவாதமா உட்கார்ந்திருக்கா."

பேச்சிமுத்து மோர் கொடுத்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. வந்தவர் மோரைக் குடித்துவிட்டுத் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவர் போனதும் பேச்சிமுத்து நேராகக் குருவிடம் வந்தார்.

"அம்மா, எனக்கு இன்னைக்கே காவி குடுத்திருங்க."

"இன்னைக்கு என்ன அவசரம், அண்ணாச்சி?"

"இல்லன்னா கால் அங்க போயிரும்."

உலகம்மை ஆய்ந்துகொண்டிருந்த கீரையை ஒதுக்கி வைத்தார். "எங்க?"

மடத்துக்கு வந்த நாளிலிருந்து வாயே திறக்காத விஷயத்தை அன்றைக்குத்தான் பேச்சிமுத்து சொன்னார். அண்ணனும் மதினியும் ஒரே காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது பூமாரி நடை பழகிக்கொண்டிருந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டவர் பிறகு இறக்கி வைக்கவே இல்லை. கல்யாணம் கார்த்திகை எதுவும் தனக்கென்று பண்ணிக்கொள்ளவில்லை. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டியதும் சடை பின்னிவிட்டதும் அவர்தான். பின்னல் ஒரு நாளும் நேராக வந்ததில்லை, அது வேறு கதை.

"அவ கல்யாணத்துல என்ன நடந்துச்சு தெரியுமாம்மா? தாரை வார்க்கப் புருஷனும் பொண்டாட்டியுமா ஜோடியாத்தான் உட்காரணுமாம். ஒத்தை ஆளு உட்காரக் கூடாதாம். தூத்துக்குடியிலேருந்து தூரத்துச் சொந்தக்காரங்க வந்திருந்தாங்க. பூமாரிய அன்னைக்குத்தான் முதல்முதலாப் பாக்காங்க. அவங்கள உட்கார வெச்சாங்க. நான் பந்தியில சாம்பார் வாளியத் தூக்கிட்டு நின்னேன்."

"பூமாரி?"

"ஒரு வார்த்தை கேக்கல. குனிஞ்ச தலை நிமிரல."

"மணவறையில உட்கார்ந்த பொண்ணு என்ன பண்ணுவா, அண்ணாச்சி?"

"எனக்கும் தெரியுது. இந்தப் பாழாப்போன மனசுக்குத் தெரியலையே. பெத்தவனும் இல்ல, ஒண்ணும் இல்ல. நான் யாருன்னு அந்த வாசல்ல போயி நிக்க? அறுத்து விட்டிருங்கம்மா."

உலகம்மை ஒதுக்கி வைத்த கீரையை மறுபடி இழுத்துக்கொண்டார்.

"சரி, தாரேன். அதுக்கு முன்னால ஒரு வேலை. பின்னால எலுமிச்சை மரத்துல தவிட்டுக்குருவி கூடு கட்டியிருக்கு. அந்தக் குஞ்சுகளுக்குத் தாய் எதுன்னு பார்த்துச் சொல்லுங்க."

ப்பூ, இவ்வளவுதானா! காலமெல்லாம் பஸ் கண்ணாடியில் பின்னால் வருகிறதைப் பார்த்துப் பழகிய கண் அது. பேச்சிமுத்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குப் போனார்.

போன பிறகுதான் தெரிந்தது. குருவிகள் ஒரு கூட்டமாக இருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே தவிட்டு நிறம், ஒரே மஞ்சள் மூக்கு. சந்தையில் மீன் வாங்குகிற மாதிரி ஓயாத சளசளப்பு. ஒன்று புழுவோடு வந்தது. இதுதான் தாய் என்று அவர் முடிவு கட்டுவதற்குள் இன்னொன்று வெட்டுக்கிளியோடு வந்தது. அதன் பின்னால் இன்னொன்று. அடச்சை என்றார் பேச்சிமுத்து.

அந்தக் கூட்டத்தில் ஒன்று மட்டும் நொண்டி. வலது கால் மடங்கிப்போய், ஒற்றைக் காலில் தத்தித் தத்தி இரை பொறுக்கியது. ஆனால் மற்றதைவிட அதுதான் அடிக்கடி வந்தது. கிளையில் நிற்க முடியாமல் சிறகை அடித்துச் சமாளித்துக்கொண்டு ஊட்டியது.

வெயில் உச்சிக்கு வந்த நேரத்தில் குஞ்சு தின்னும் செம்போத்துப் பறவை ஒன்று மெல்லக் கிளை ஏறிக் கூட்டை எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், தோட்டமே அலறியது. அத்தனை குருவியும் அதன்மேல் பாய்ந்தன. முதலில் பாய்ந்தது நொண்டி. செம்போத்து எத்தனை பெரிது, இது எத்தனை சிறிது! "ஏய், போ அங்கிட்டு!" என்று பேச்சிமுத்துவும் துண்டை வீசிக்கொண்டு ஓடினார். செம்போத்து வேலியைத் தாண்டிப் போன பிறகும் அவர் துண்டை வீசிக்கொண்டே நின்றார்.

திரும்பி வந்தவர் முகத்தில் வெற்றி தெரிந்தது.

"கண்டுபிடிச்சிட்டேம்மா. நொண்டிதான் தாய். சந்தேகமே இல்ல."

"அது இன்னும் முட்டையே இட்டதில்ல, அண்ணாச்சி."

"என்னது?"

"போன வருஷம் இதே மரத்துல பொரிச்ச குஞ்சு அது. கீழ விழுந்து கால் மடங்கிப் போச்சு. நான்தான் எடுத்துக் கூட்டுல வெச்சேன். இப்ப உள்ள இருக்கிறது அதுக்குத் தம்பி தங்கச்சிங்க."

"அப்ப தாய் எது?"

"எனக்கும் தெரியாது. பார்த்துப் பார்த்துக் கண்ணு வலிச்சதுதான் மிச்சம்."

பேச்சிமுத்து தூணோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"பெறாததுக்கு எதுக்கும்மா இந்தப் பாடு? கொஞ்சம் ஏமாந்தா செம்போத்து அதைக் கொன்னுருக்கும்."

"அந்தக் காலத்துல தன் குஞ்சைத் தனியா வளர்த்த குருவிங்களும் இருந்திருக்கும், அண்ணாச்சி. அதுங்க இரை தேடப் போன நேரம் பார்த்துச் செம்போத்து வந்திருக்கும். சித்தியும் அண்ணனும் அக்காவும் கூடி வளர்த்த கூட்டுல குஞ்சு தங்கிச்சு. எத்தனையோ ஆயிரம் தலைமுறையா இப்படி. இந்தத் தோட்டத்துல இன்னைக்குக் கத்திட்டுத் திரியுறதெல்லாம் அப்படித் தங்கின குஞ்சுகளோட வம்சம்."

பேச்சிமுத்து எலுமிச்சை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"அது தாயில்லன்னு அந்தக் குஞ்சுங்களுக்குத் தெரியுமாம்மா?"

"நீங்கதானே பார்த்துட்டு வந்தீங்க. நொண்டி வந்தப்ப அதுங்க என்ன பண்ணிச்சு?"

"வாயைத் திறந்துச்சு."

சொல்லிவிட்டு அவர் தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"பூமாரியும் அப்படித்தாம்மா. டூட்டி முடிஞ்சு வரும்போது கருப்பட்டி மிட்டாய் வாங்கிட்டு வருவேன். வாசல்லயே வாயைத் திறந்துட்டு நிப்பா. கைய நீட்டவே மாட்டா, கழுதை. ஊட்டித்தான் விடணும். பெரிய பொண்ணான பிறகும் அப்படித்தான்."

துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். உலகம்மை உள்ளே போனார். காவித் துணி எடுக்கப் போகிறார் என்றுதான் பேச்சிமுத்து நினைத்தார். அவர் எடுத்து வந்தது, கொடியில் காய்ந்துகொண்டிருந்த பேச்சிமுத்துவின் பழைய சட்டை.

"அம்மா, அங்க போயி நான் யாருன்னு சொல்லிக்கிட்டு நிப்பேன்?"

உலகம்மை சட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு, வாசலில் இறங்கி வெயிலைப் பார்த்தார்.

"மிட்டாய்க் கடையைச் சீக்கிரமே அடைச்சிருவாங்க, அண்ணாச்சி. கிளம்புங்க."