முருங்கை சட்டிக்குள் ஏறிய கதை

அந்தக் காலத்தில் மரங்கள் பேசும். அதிலும் மாடத்தி வீட்டுக் கிணற்றடி முருங்கைக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அன்று மாடத்தியின் மகளுக்குக் கல்யாணம். அரிசி, பருப்பு எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியவள் விறகைச் சுத்தமாக மறந்துவிட்டாள். மாப்பிள்ளையின் தாய்மாமன் உடையாரோ வந்ததும் வராததுமாகச் சொல்லிவிட்டார்:

“எங்க பக்கம் பந்தி முடிஞ்சுதான் தாலி. பொழுது சாயுறதுக்குள்ள இலை போடலைன்னா மாப்பிள்ளையக் கூட்டிட்டுக் கிளம்பிருவோம்.”

மாடத்தி விறகு தேடிக் கொல்லைப்பக்கம் ஓடினாள்.

“ஏன் அலையுத? நான் நிக்கேன்லா,” என்றது முருங்கை. “முள்ளு கிடையாது. ஒரே வெட்டுல விழுவேன். என் கொப்பை வச்சு எரி.”

வேலியோரக் கருவேலம் மெதுவாகச் சொன்னது: “அது எரியாதுக்கா. எங்கிட்ட காஞ்ச கொப்பு நிறையக் கிடக்கு. பச்சையைத் தொடாம அதை மட்டும் எடுத்துக்கோ.”

“உன் முள்ளுக்குள்ள எவ கையை விடுவா? கையில மருதாணி போட்டிருக்கேன்,” என்று மாடத்தி முருங்கைக் கொப்புகளை வெட்டி அடுப்பில் திணித்தாள்.

எரியவில்லை. புகைந்தது. பந்தல் முழுக்கப் புகை. மாப்பிள்ளை வீட்டார் வரிசையாக உட்கார்ந்து கண்ணீர் வடித்தார்கள்.

“பொண்ணு வீட்டுக்காரங்கதான அழணும், நாம ஏன் அழுறோம்?” என்று உடையார் துண்டில் மூக்கைச் சிந்தினார்.

மாடத்தி வேலிக்கு ஓடினாள். முள் கிழித்ததைப் பார்க்க நேரமில்லை. கருவேலங்கொப்பை வைத்ததும் அடுப்பு குப்பென்று பற்றிக்கொண்டது. சோறு தளதளவென்று கொதித்தது. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கிணற்றடியில் முருங்கை வெட்டுப்பட்ட இடமெல்லாம் பிசின் வடிய அழுதது. “என் வாயால உன் மக கல்யாணமே நின்னிருக்குமே. நான் எதுக்குமே ஆக மாட்டேன்.”

மாடத்திக்கு மனசு கேட்கவில்லை. வெட்டிப்போட்ட கொப்புகளில் காய்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அதுவரை அவற்றை யாரும் தின்று பார்த்ததில்லை. “சும்மா அழாத,” என்றவள், காய்களை நறுக்கிக் கொதிக்கிற குழம்பில் போட்டாள்.

முதல் இலையில் உட்கார்ந்த உடையார் ஒரு காயைச் சப்பினார். உடனே அடுத்ததை எடுத்தார். மூன்றாம் தடவை குழம்பு ஊற்றும்போதுதான் தலையை நிமிர்த்தி, “தாலி கட்டச் சொல்லு தாயி, நான் மெதுவா வாரேன்,” என்றார்.

வெயில் இருக்கும்போதே தாலி ஏறியது. சிரித்துக்கொண்டே மாடத்தி மீதமிருந்த முருங்கைக் கொப்பைச் சமையல்கட்டுப் பக்கம் ஊன்றிவைத்தாள். அதுவும் துளிர்த்துவிட்டது.

அன்று முதல்தான் கருவேலம் அடுப்புக்குள்ளே எரிகிறது. முருங்கை அடுப்புக்கு மேலே, குழம்புச் சட்டிக்குள் கொதிக்கிறது.