துறையில் நின்றவன்

ஆற்றுக்கு இக்கரையில் இருந்த மேல்நாட்டின் படையில் வேல்வீரனாக இருந்தவன் சேந்தன். போரில் தொடையில் வேல் பாய்ந்து, கால் மடங்காமல் போயிற்று. அதன்பின் படையில் அவனுக்கு வேலை இல்லை. ஊர் ஊராகப் போய் மக்களுக்குப் போர்க்கதை சொல்லும் நல்லினியிடம் வந்து சீடனாகச் சேர்ந்தான். நரை விழத் தொடங்கிய வயதில் துடி என்னும் சிறுபறையை அடிக்கக் கற்றுக்கொண்டான்.

நல்லினி அதிகம் பேசமாட்டாள். பேச வேண்டியதையெல்லாம் கூட்டத்துக்கு நடுவில் பேசிவிடுவாள்.

மேல்நாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் நல்ல வரவேற்பு. அரசனின் யானை கீழ்நாட்டுக் கோட்டைக் கதவை முட்டித் திறந்த கட்டத்தைச் சேந்தன் சொல்ல ஆரம்பித்தால் கூட்டம் ஆர்ப்பரிக்கும். அந்தக் கதவை அவன் கண்ணால் பார்த்ததுகூட இல்லை.

ஒரு நாள் காலை, ஆற்றைத் தாண்டிக் கீழ்நாட்டுக்குப் போகலாம் என்றாள் நல்லினி. சேந்தனுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அவர்கள் தோற்றவர்கள், அம்மா. அவர்களிடம் போய்ப் போர்க்கதை சொல்லி என்ன ஆகப்போகிறது?"

நல்லினி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் அவனும் இறங்கினான். அந்தத் துறை அவனுக்குத் தெரியும். அவன் காயம்பட்டது அங்கேதான்.

அக்கரையில் முதல் ஊர் ஆலங்கரை. அன்று சந்தை. ஊர்த் தலைவர் இருவரையும் ஏற இறங்கப் பார்த்தார். கதை சொல்லத் தடையில்லை என்றார். ஆனால் செத்துப்போன தங்கள் பிள்ளைகளைப் பற்றிக் கேவலமாக ஒரு சொல் வந்தாலும் இருவரும் திரும்பி ஆற்றைத் தாண்ட முடியாது என்பதையும் அதே குரலில் சொன்னார்.

நல்லினி யானையைப் பற்றிப் பேசவே இல்லை. கோட்டைச் சுவரில் கடைசிவரை நின்று விழுந்த கீழ்நாட்டு வீரர்களைப் பற்றிச் சொன்னாள். பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டு அருகே வந்தார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அப்போது ஓர் எண்ணெய் வணிகர் எழுந்தார்.

"நின்றவர்களைச் சொன்னீர்கள். எங்கள் ஊரில் ஓடிப்போனவன் ஒருவன் உண்டு. அழிசி என்று பெயர். அவனையும் சொல்லுங்கள், கேட்போம்."

கூட்டம் சிரித்தது. ஓரத்தில் உப்பு விற்றுக்கொண்டிருந்த ஒரு பெண் மட்டும் சிரிக்கவில்லை. உப்பை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பத் தயாரானாள். பக்கத்தில் இருந்தவரிடம் சேந்தன் விசாரித்தான். அவள் சாத்தி, அழிசியின் மனைவி. ஊர் வண்டிகட்டிக்கொண்டு வெளியேறியபோது துறையைக் காக்க அவனை நிறுத்தினார்களாம். பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. பிணமும் கிடைக்கவில்லை. துறையைத் திறந்துவிட்டு ஓடிவிட்டான் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. அன்றிலிருந்து அவளை எந்த நல்லது கெட்டதுக்கும் அழைப்பதில்லை.

சேந்தன் இன்னும் ஒன்று கேட்டான்.

"அவன் இடக்கைக்காரனா?"

"ஆமாம். உனக்கு எப்படித் தெரியும்?"

சேந்தன் நல்லினியின் காதருகே குனிந்தான். தான் அந்த மனிதனைப் பார்த்திருப்பதாகச் சொன்னான். வாயைத் திறந்தால், தான் எந்தப் பக்கம் வேல் பிடித்தவன் என்பதும் தெரிந்துவிடும். என்ன செய்யட்டும் என்று கேட்டான்.

நல்லினி தன் தோளிலிருந்த துடியைக் கழற்றி அவன் தோளில் மாட்டினாள். கூட்டத்துக்குள் நடந்துபோய், சாத்தியின் கையைப் பிடித்து உட்கார வைத்து, தானும் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

சேந்தன் துடியைத் தொடவில்லை.

"நான் மேல்நாட்டுப் படைவீரன். அன்றைக்கு இந்தத் துறையில் எதிர்க்கரையில் நின்றவன்."

இளைஞர்கள் சிலர் சட்டென்று எழுந்தார்கள். தலைவர் கையை உயர்த்தினார். "முடிக்கட்டும்," என்றார்.

சேந்தன் சொன்னான். காலையில் மூடுபனி. நாணலுக்குள் ஒரு படையே இருக்கிறது என்று நினைத்தோம். பனி விலகியபோது இருந்தது ஒரே ஆள். துறை குறுகல், ஒவ்வொருவராகத்தான் போக முடியும். போனவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். அவன் இடது கையால் வேல் வீசினான். எங்களுக்கு அது பழக்கமில்லை. அவனுக்குப் பின்னால் மேட்டில் உங்கள் வண்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. மூச்சுவாங்கக் கிடைத்த நேரத்திலெல்லாம் திரும்பி அந்த வண்டிகளைத்தான் பார்த்தான்.

"இந்தக் கால் அவன் கொடுத்தது," என்று தொடையைத் தட்டிக் காட்டினான். "கடைசி வண்டி மேட்டுக்கு அப்பால் மறைந்தது. அவன் உட்கார்ந்தான். எங்கள் படைத்தலைவர் போய்த் தோளைத் தொட்டுப் பார்த்தார். உயிர் இல்லை. அன்றைக்கு ஆற்றைத் தாண்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எங்கள் கரைக்குத் தூக்கிக்கொண்டு போய், மருத மரத்தடியில் வேலோடு புதைத்தோம். எங்களவர்களுக்குச் செய்கிற மரியாதை எல்லாம் செய்தோம். பெயர் சொல்லி வழியனுப்ப வேண்டும். எங்களில் யாருக்கும் அவன் பெயர் தெரியவில்லை. இன்றைக்குத்தான் தெரிந்தது."



எண்ணெய் வணிகர் நின்றபடியே இருந்தார். "கடைசி வண்டி என்னுடையது," என்றார்.

சாத்தி எழுந்து வந்தாள். அவள் அழவில்லை.

"இங்கேயே இருங்கள். என் மகள் வீட்டில் இருக்கிறாள், கூட்டிவருகிறேன். முதலிலிருந்து மறுபடியும் சொல்லுங்கள்."

கூடையை அங்கேயே விட்டுவிட்டு ஓடினாள். அவளை முந்திக்கொண்டு செய்தி ஓடியது. உலைவைத்த அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்கள். ஏரை வயலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். சேந்தன் மறுபடியும் சொன்னான். இந்த முறை கடைசி வண்டி மறைந்த இடத்தில் யாரோ அழிசியின் பெயரை உரக்கச் சொன்னார்கள். ஊரே திருப்பிச் சொன்னது. ஊர்ப் பறைகள் எல்லாம் ஒன்றாக முழங்கின. சேந்தனின் துடியும் அவற்றோடு சேர்ந்துகொண்டது.

மறுநாள் ஆலங்கரை மொத்தமும் அழிசிக்கு நடுகல் சுமந்து ஆற்றில் இறங்கியது. முன்னால் சாத்தியும் மகளும். அவர்களுக்குப் பின்னால்தான் ஊர்த் தலைவர். எதிர்க்கரையில் காவல் நின்ற மேல்நாட்டு வீரர்கள் முதலில் வேலைத் தூக்கினார்கள். சேந்தன் விஷயத்தைக் கத்திச் சொன்னான். அவர்களில் மூத்தவன் ஒருவன் வேலைத் தலைகீழாகத் தரையில் ஊன்றி நிமிர்ந்து நின்றான். மற்றவர்களும் அப்படியே நின்றார்கள். மருத மரத்தடியில் இரு கரை ஆட்களும் சேர்ந்து கல்லைத் தூக்கி நட்டார்கள். அதில் அழிசியின் பெயரையும் உருவத்தையும் செதுக்கியிருந்தார்கள். வேல் அவன் இடது கையில் இருந்தது.

ஆலங்கரைக்குத் திரும்பி விடைபெறும்போது சாத்தி சேந்தனின் மடி நிறைய உப்பு கட்டிக் கொடுத்தாள்.

அன்று வண்டிகள் ஏறிப்போன மேட்டில் ஏறும்போது சேந்தனின் கால் வலிக்கவே இல்லை. நல்லினிக்கு முன்னால் நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் திரும்பிக் கேட்டான்.

"அம்மா, அடுத்த ஊரில் எதைச் சொல்லட்டும்? யானையையா, அழிசியையா?"

"போனதும் துடியைக் கையில் எடுக்காதே," என்றாள் நல்லினி. "அந்த ஊரில் யார் இன்னும் வீடு திரும்பவில்லை என்று கேள்."