வாழைத்தோல் குடித்த நீலம்

நீலத்துறை என்றொரு சின்ன ராஜ்யம். அதை ஆண்ட கனகராயர் ஒருநாள் காலை ஆற்றில் முங்கிக் குளித்தார். எழுந்தால் உச்சி முதல் உள்ளங்கால் வரை நீலம். எதிரே வந்த அர்ச்சகர், கண்ணபிரானே நேரில் வந்துவிட்டார் என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அரண்மனையிலோ ராணி அடையாளம் தெரியாமல் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மேல்கரைச் சாயக்காரர்கள் தொட்டித் தண்ணீரை வாய்க்கால் வழியே ஆற்றில் விட்டதால் வந்த வினை. மந்திரி சங்கரநாதருக்கு அந்தக் கரைமேல் வெகுநாளாக ஒரு கண். அங்கே தனக்கொரு மாளிகை கட்ட ஆசை. நாற்பது குடும்பங்களையும் துரத்திவிடலாம் என்று ராஜாவின் காதில் ஓதினார்.

சபையில் விகடம் பேசும் அஞ்சுகத்தின் காதிலும் அது விழுந்தது. அவள் அண்ணன் குடும்பமும் அந்தக் கரையில்தான். எழுந்து நின்று, தண்ணீரைத் தெளியவைக்க ஒரு வாய்ப்புத் தரும்படி கேட்டாள்.

"தருகிறேன்," என்றார் ராஜா. "தண்ணீரையும் சாயத்தையும் தனித்தனியாகப் பிரித்து ஏழே நாளில் சபைக்குக் கொண்டு வா."

மந்திரி சும்மா இருப்பாரா? யாருக்காவது பயன்படும் பொருள் எதையும் அவள் தொடக் கூடாது, தொட்டால் அவளும் ஊரைவிட்டுப் போக வேண்டும் என்று ஒரு முடிச்சுப் போட்டார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

அஞ்சுகம் சாய வாய்க்கால் ஓரமாகவே நடந்தாள். அரண்மனை மடைப்பள்ளிக்குப் பின்னே ஒரு குப்பைமேடு. ஒரு பக்கம் நீலமாய் உள்ளே போன தண்ணீர் மறுபக்கம் தெளிந்து கசிந்தது. கிளறிப் பார்த்தாள். காய்ந்த வாழைத்தோலும் மரத்தூளும் நீலத்தைக் குடித்துவிட்டு உப்பிக் கிடந்தன. அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறமென்ன, நாற்பது குடும்பமும் குப்பை பொறுக்கியது. அலசி, வெயிலில் உலர்த்தி, தூக்கியெறிந்த ஓட்டைப் பானைகளில் அடைத்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார்கள். முதல் தடவை ஊற்றியதில் நீலம் வெளிறியது, போகவில்லை. மறுபடி ஊற்றினார்கள். மறுபடியும்.

ஏழாம் நாள் வாய் உடைந்த பானையொன்றில் தெளிந்த தண்ணீர், பக்கத்தில் ஒரு குவியல் நீலத் தோல். இது தண்ணீர், இது சாயம் என்று காட்டினாள். ராஜா விரலை முக்கித் தன் வெள்ளை அங்கவஸ்திரத்தில் துடைத்தார். கறையே இல்லை.

மந்திரி எழுந்தார். "நிபந்தனையை மீறிவிட்டாள், மகாராஜா. ஆற்றையே சுத்தம் செய்கிற தோல் பயனற்ற பொருளா? அருமையான பொருள் அல்லவா?"

அஞ்சுகம் கைகூப்பினாள்.

"மந்திரியார் சொல்வது சரிதான், மகாராஜா. நான் ஊரைவிட்டுப் போகிறேன். போகுமுன் ஒன்று கேட்கலாமா? இத்தனை வருஷமாக அரண்மனையின் அருமையான பொருளை வண்டி வண்டியாக வெளியே கொட்டச் சொன்னவர் யார்?"

மடைப்பள்ளி முழுக்க மந்திரியின் பொறுப்பு. எல்லாத் தலையும் அவர் பக்கம் திரும்பியது. அவருக்கு வேர்த்துவிட்டது.

"குப்பைதான், மகாராஜா," என்றார் மெல்ல. "வெறும் குப்பை."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது. சாயக்காரர்கள் கரையிலேயே இருந்தார்கள். அஞ்சுகத்துக்கு முத்துமாலை. மந்திரிக்கும் ஒரு கௌரவம் கிடைத்தது: தினமும் காலையில் அந்த வெறும் குப்பையைக் கூடையில் சுமந்து அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது.