வாசலை மறித்த தாய்மாமன் கார்

இதை நான் நேரில் பார்க்கவில்லை. பாளையங்கோட்டையில் என்னோடு வேலை பார்ப்பவர் சொன்னது.

ஆட்டோ ஓட்டும் வடிவின் வீட்டுக்கு அடுத்தது கல்யாண மண்டபம். அன்று பத்தாம் வகுப்புப் பரீட்சை. மூன்று பிள்ளைகள் தெருமுனையில் அவளுக்காகக் காத்திருந்தார்கள். ஆனால் அவள் ஆட்டோவை மறித்து, அவள் வீட்டு கேட்டுக்குள்ளேயே புத்தம்புதுக் கார் ஒன்று நின்றது. மணப்பெண்ணின் தாய்மாமன், காண்டிராக்டர் ஆவுடையப்பனுடையது.

மண்டபத்துக்குப் போய் அவரிடம், "அண்ணாச்சி, அது எங்க இடம். வண்டிய எடுங்க, பிள்ளைகளுக்குப் பரீட்சை" என்றாள்.

"தாலி கட்டி முடியாம சாவியத் தொட மாட்டேன். உன்னால ஆனதப் பாரு!"

வடிவு நேரே மைக் செட்காரரிடம் போனாள். அந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் தாய்மாமன் சீரை மைக்கில் சொல்லியாக வேண்டும். மறுநிமிடம் மண்டபமே அதிர்ந்தது: "தாய்மாமன் ஆவுடையப்பன் அவர்கள் சீர், புதிய கார் ஒன்று!"

மேளம் முழங்க, பெண்கள் ஆரத்தித் தட்டோடும் மாலையோடும் கிளம்பினார்கள். மணப்பெண்ணின் அம்மா, "என் தம்பி என்னைக் கைவிடல" என்று கண்ணைத் துடைத்தார். மாப்பிள்ளை சாவிக்குக் கையை நீட்டினார்.

"சீரு இல்லக்கா, சீரு இல்ல!" என்று கத்திக்கொண்டே ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டி ஓடினார். மாலை விழுவதற்குள் காரை எடுத்தவர், தெரு தாண்டியும் நிறுத்தவில்லை.

பிள்ளைகள் மணியடிக்குமுன் பள்ளிக்குள் போய்விட்டார்கள்.

வடிவு பொய் சொன்னாளோ என்று எனக்கு உறுத்தியது. போன மாதம் மைக் செட்காரரையே தேடிப்போய்க் கேட்டேன். அவள் எதையும் சொல்லவில்லையாம். "தாய்மாமன் எங்க வீட்டுக்குள்ள கார விட்டுட்டு எடுக்க மாட்டேங்காரு. சீர் வண்டியாண்ணே?" என்று கேட்டாளாம், அவ்வளவுதான்.