சிப்பித்துறைக் கல்லூரிக்குக் கோச் தேடிய கதை

சிப்பித்துறையில் முட்டாள்களே கிடையாது என்று சொல்வார்கள். சொல்கிறவர்கள் எல்லோரும் சிப்பித்துறைக்காரர்கள்தான்.

கடலோரத்து ஊர். ஊருக்கு ஒரு கல்லூரி, கல்லூரிக்கு ஒரு கால்பந்து டீம், டீமுக்கு ஒரு ரசிகர் மன்றம். மன்றத்தில் இருந்தவர்கள் யாரும் அந்தக் கல்லூரியில் படித்ததில்லை, பந்தைக் காலால் தொட்டதும் இல்லை. ஆனால் ஒரு மாட்ச் விடமாட்டார்கள். தலைவர் ததேயு, துறைமுகத்தில் ஐஸ் உடைக்கும் மெஷின் வைத்திருந்தார். செயலாளர் எரோனிமூஸ், தையல்காரர். ஆட்டோ ஓட்டும் சில்வதாசனும் மீன் விற்கும் பவுலினும் உறுப்பினர்கள். இந்த நாலு பேர்தான் மன்றம். நாலு பேர் போடும் சத்தம் நாற்பது பேருக்குச் சமம். அதில் பாதி பவுலினுடையது.

அந்த வருஷம் டீம் தோற்றது. மறுபடியும் தோற்றது. பிறகு தோற்றுக்கொண்டே இருந்தது. கோச் வியாகுலம் மாஸ்டர் நல்ல மனுஷர், பேருக்கேற்ற முகம். நம் பக்கம் ஒரு கோல் விழுந்தால் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு மறுபடி போட்டுக்கொள்வார். அந்த வருஷம் தொப்பியை மறுபடி போடுவதற்கு அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. தலை கறுத்துப்போனதுதான் மிச்சம்.

ஒரு நாள் கல்லூரித் தாளாளர் மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "இருக்கிற மூணு மாட்ச்ல ஒண்ணாவது ஜெயிக்கணும். இல்லன்னா டீமைக் கலைச்சிருவோம். இந்த இடத்துல காலேஜ் பஸ்சை விடலாம்" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போனார்.

மன்றத்தார் அன்றைக்கே ஐஸ் மெஷினைச் சுற்றி அவசரக் கூட்டம் போட்டார்கள்.

"இனி சனிக்கிழமை சாயங்காலம் வந்து பஸ்சையா பாக்கது?" என்றாள் பவுலின். முந்தானையை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"பஸ்சு கோல் போடாதுல்லா" என்றார் எரோனிமூஸ்.

"அழாதீங்க. கோச்சை மாத்தினா எல்லாம் சரியாகும்" என்றார் ததேயு.

சில்வதாசன் கை தூக்கினான். "தலைவரே, கோச்சை மாத்தணும்னா நாகர்கோவில் ஸ்டேஷன்லதான் கேக்கணும். அங்க தினமும் மாத்துதானுவ. ஒண்ணைக் கழத்தி இன்னொண்ணை மாட்ட அரைமணி நேரம்கூட ஆவாது."

"அது ரயிலு கோச்சுலே. அதுல எழுபது பேரு உக்காருவான்."

"எழுபது பேரு உக்காருத கோச்சே ஓடுது. நம்ம மாஸ்டர் ஒத்த ஆளு, ஓட மாட்டேங்காரே!"

இது எல்லோருக்கும் நியாயமாகப் பட்டது. ஆனாலும் ரயில் கோச் மைதானத்தின் கேட்டுக்குள் நுழையாது என்று எரோனிமூஸ் இஞ்சு டேப்பை நீட்டிக் காட்டினார். அந்த யோசனையைக் கைவிட்டார்கள்.

நேராகப் பிரின்சிபாலிடம் போனார்கள். பிரின்சிபால் தாணுமாலயன் சாது. பவுலின் பேச ஆரம்பித்ததுமே மேஜை மேல் இருந்த காகிதங்களைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் மனசு அடிச்சுக்கிடுதும்மா" என்றார். "டீம் விழுந்து கிடக்கு. அதைத் தூக்கி நிறுத்துற ஆள் யாராவது இருந்தா கூட்டிட்டு வாங்க. இப்பவே கோச்சாப் போடுதேன்."

நாலு பேரும் வெளியே வந்தார்கள்.

"தூக்கி நிறுத்தணுமாம்" என்றார் ததேயு.

"மொத்தம் பதினொரு பேரு. ஒண்ணாத் தூக்கணுமா, ஒவ்வொருத்தனாத் தூக்கணுமா?" என்றான் சில்வதாசன்.

"சார் அதைச் சொல்லலியே."

எரோனிமூஸ் திரும்ப ஓடிப்போய்க் கேட்டார். யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்த பிரின்சிபால், "எப்படியாவது தூக்கினாச் சரி" என்று கையை வீசினார்.

ஐஸ் பிளாண்டில் சுமடு தூக்கும் செல்லத்துரை கோச் ஆனது இப்படித்தான். பனிக்கட்டிப் பாளத்தை ஒற்றைத் தோளில் வைத்துக்கொண்டு பீடி பற்றவைக்கிற ஆள். வேலையை ஒத்துக்கொள்வதற்கு முன்னால் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "பையன்மாரு வழுக்குவானுவளா?"

மாட்ச் தொடங்கியது. நம் பையன் ஒருவன் தடுக்கி விழுந்தான். செல்லத்துரை உள்ளே ஓடிப்போய் அவனைத் தூக்கி நிறுத்தினார். மன்றத்தார் எழுந்து நின்று கை தட்டினார்கள். இன்னொருவன் விழுந்தான். அவனையும் தூக்கி நிறுத்தி, முதுகில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். ரெஃப்ரி விசில் ஊதினார். பாராட்டுகிறார் என்று நினைத்துச் செல்லத்துரை கும்பிட்டார்.

பிறகுதான் அது நடந்தது. நம் முன்வரிசைப் பையன் நாலு பேரைத் தாண்டிப் பந்தை உருட்டிக்கொண்டு போனான். எதிரே கோல் கீப்பர் ஒருவன்தான். உதைக்கிற சமயத்தில் பையன் கொஞ்சம் தள்ளாடினான். பின்னாலேயே ஓடிவந்த செல்லத்துரை இரண்டு அக்குளிலும் கை கொடுத்து அவனைத் தூக்கிவிட்டார். பையனின் கால்கள் ஆகாயத்தில் ஓடிக்கொண்டிருந்தன. பந்து மட்டும் தனியாக உருண்டுபோய்க் கோல் கீப்பரின் காலடியில் படுத்துக்கொண்டது.

ரெஃப்ரி சிவப்பு அட்டையோடு ஓடிவந்தார். செல்லத்துரை அவரையும் தூக்கினார். கோட்டுக்கு வெளியே கொண்டுபோய், அலுங்காமல் நிறுத்தினார்.

மூன்று கோலில் தோற்றோம்.

"ஆனா கடைசி விசில்ல பாத்தியளா?" என்றார் ததேயு. "ஒருத்தனாவது விழுந்து கிடந்தானா? பதினொண்ணும் நிமிந்துல்லா நின்னுது!"

பிரின்சிபால் தலையில் கை வைத்துக்கொண்டார். "நான் சொன்னது அது இல்லைய்யா. எதிர் டீமுக்குத் தண்ணி காட்டத் தெரிஞ்ச ஆளா வேணும். புரியுதா? தண்ணி காட்டணும்."

"இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள் பவுலின், கொஞ்சம் வருத்தத்தோடு.

ஊரில் தண்ணீர் லாரி ஓட்டுகிறவர் ஒருவர்தான், குருசடிமை. அவரைக் கோச்சாகப் போட்டார்கள். அடுத்த மாட்ச் அன்றைக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. குருசடிமை லாரியை எதிர் டீம் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, ஹோஸ் பைப்பைத் திறந்து, "இந்தா பாரு தண்ணி! நல்லாப் பாரு!" என்று காட்டினார்.

எதிர் டீம் பையன்கள் பார்த்தார்கள். பிறகு குடித்தார்கள். முகம் கழுவினார்கள். ஒருவன் தலைக்குக் குளித்தான். நம் கோல் கீப்பரும் நாக்கு வறண்டு அந்தப் பக்கம் ஓடினான். சில்வதாசன் அவனை வழியிலேயே மறித்தான்.

"உனக்குக் காட்டக்கூடாதுடே. எதிர் டீமுக்குத்தான் காட்டணும்னு சாருக்க உத்தரவு."

புதிதாகப் பறித்த கீரை மாதிரி எதிர் டீம் மைதானத்துக்குள் வந்தது. நம் பையன்கள் கருவாடாகக் கிடந்தார்கள். ஆறு கோல். ஓரமாக நின்ற வியாகுலம் மாஸ்டர் தொப்பியை எங்கேயோ தொலைத்துவிட்டு வெறும் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

மிச்சம் ஒரே ஒரு மாட்ச். அதுவும் தேரிவிளைக் கல்லூரியோடு. அந்த வருஷம் தோல்வியே தெரியாத டீம் அது. தாளாளர் அனுப்பிய ஆட்கள் இரண்டு பேர் மைதானத்துக்குள் வந்து, பஸ் திரும்ப இடம் போதுமா என்று கயிறு பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிரின்சிபால் மன்றத்தாரை வரவழைத்தார். அவர் கண் சிவந்திருந்தது.

"உங்களைக் கும்பிட்டுக் கேக்கேன். புதுசா யாரையும் கொண்டுவர வேண்டாம். வியாகுலமே இருக்கட்டும். நீங்க வாயை மூடிக்கிட்டு அந்தத் தேரிவிளைக் கோச்சைப் பாருங்க. பாத்தாத்தான் புரியும், அந்த மனுஷன் எப்படி ஜெயிக்காருன்னு."

மறுநாள் சில்வதாசனின் ஆட்டோவில் நாலு பேரும் தேரிவிளைக்குப் போனார்கள். மைதானத்து ஓரத்தில் வரிசையாக நின்று, ஆளுக்கு ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அந்தக் கோச்சைப் பார்த்தார்கள். பயிற்சி முடியும்வரை பார்த்தார்கள். அந்த மனுஷனுக்கு வேர்த்துக் கொட்டியது.

"யாரு நீங்க? என்ன வேணும்?" என்று கிட்டே வந்து கேட்டார்.

நாலு பேரும் வாயைப் பொத்தியபடியே தலையை ஆட்டினார்கள். அவர் சட்டைப் பித்தான்களைச் சரிபார்த்துக்கொண்டு தள்ளிப் போனார்.

திரும்பும் வழியில் ஆட்டோவுக்குள் விசாரணை நடந்தது.

"என்ன பாத்தீங்க?" என்றார் ததேயு.

"மீசை" என்றார் எரோனிமூஸ்.

"நம்ம மாஸ்டருக்கும் மீசை உண்டு."

"கழுத்துல விசில்" என்றாள் பவுலின்.

"அதுவும் உண்டு."

சில்வதாசன் ஆட்டோவை ஓரமாக நிறுத்தினான். திரும்பி உட்கார்ந்தான். "தலைவரே, ஒரு சங்கதி. போன வருசம் நம்மகூட ஆட வந்தப்போ இந்த ஆளு எங்க உக்காந்தாரு?"

"அந்தப் பக்கத்து பெஞ்சுல."

"மூணு கோல் போட்டானுவளே, அந்தக் கோச்சு?"

"அந்தப் பக்கத்து பெஞ்சு."

"ஆறு கோல் போட்ட கோச்சு?"

ததேயுவின் முகத்தில் மெல்ல வெளிச்சம் பரவியது. "அந்தப் பக்கத்து பெஞ்சேதான்! அடப்பாவியளா! நம்மகிட்ட ஜெயிச்ச அத்தனை பேரும் அந்தப் பெஞ்சுலதான் உக்காந்திருக்கான்! ஒரு தப்பும் செய்யாத மாஸ்டரைப் போய்த் திட்டிட்டமே!"

பவுலினுக்கு அழுகை வந்துவிட்டது. மாஸ்டர் வீட்டுக்கு நல்ல நெய்மீன் ஒன்று கொடுத்தனுப்பினாள்.

மாட்ச் அன்று வியாகுலம் மாஸ்டர் வழக்கம்போலத் தன் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரப் போனார். மன்றத்தார் விடவில்லை. அவர் மாட்டேன் என்றார். செல்லத்துரையைக் கூப்பிட்டார்கள். செல்லத்துரை மாஸ்டரைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைக் குறுக்கே கடந்து, தேரிவிளை பெஞ்சில் கொண்டுபோய் வைத்தார். அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டு நின்ற நாலு பேரும் எதிரே நிற்பதைக் கண்டதும் தேரிவிளைக் கோச்சின் கை சட்டைப் பித்தான்களுக்குப் போனது. அவசரமாக நகர்ந்து இடம் கொடுத்தார்.

சிப்பித்துறைப் பக்கம் வெறும் நாற்காலி மட்டும் வெயிலில் இருந்தது. அதிலிருந்து எந்த உத்தரவும் வரவில்லை. நம் பையன்கள் முதல் முறையாக நிம்மதியாக விளையாடினார்கள். கோல் விழவில்லை. இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை.

முடிய ஐந்து நிமிஷம் இருக்கும்போது மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. எத்தனையோ வருஷத்துப் பழக்கம். தான் எந்தப் பெஞ்சில் இருக்கிறோம் என்பதையே மறந்து எழுந்து நின்று கத்தினார்.

"கீப்பர், முன்னாடி வாலே! பந்தைப் பின்னாடி குடு! பின்னாடி!"

தேரிவிளைப் பையன்கள் ஒழுக்கமானவர்கள். தங்கள் பெஞ்சிலிருந்து வந்த சத்தத்துக்குக் கீழ்ப்படிந்தார்கள். கீப்பர் முன்னே ஓடிவந்தான். பின்வரிசைப் பையன் பந்தைப் பின்னால் கொடுத்தான். அது யாருமில்லாத கோலுக்குள் சாவகாசமாக உருண்டு போனது.

ஒன்றுக்குப் பூஜ்யம். சிப்பித்துறை ஜெயித்துவிட்டது.

பையன்கள் குதித்தார்கள். பிரின்சிபால் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கயிறு பிடித்த ஆட்கள் கயிற்றைச் சுருட்டினார்கள். மன்றத்தார் மட்டும் குழம்பிப்போய் நின்றார்கள்.

"மாஸ்டர் அந்தப் பெஞ்சுல இருந்தாரு. அந்தப் பெஞ்சு தோத்துட்டு" என்றார் எரோனிமூஸ்.

"அப்ப ஜெயிச்சது நம்ம பக்கம். நம்ம பக்கம் கோச்சா இருந்தது யாரு?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாற்காலி" என்றாள் பவுலின்.

அன்று சாயங்காலம் நாற்காலிக்கு மாலை போட்டு, செல்லத்துரை தலையில் ஏற்றி, வேட்டு வெடித்துக் கடற்கரை வரைக்கும் ஊர்வலம் கொண்டுபோனார்கள். பிரின்சிபால் மகிழ்ச்சியில் இருந்தார். அந்த நேரத்தில் யார் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பார். மன்றத்தார் நாற்காலியைக் கோச்சாகக் கேட்டார்கள். சரி என்றார்.

வியாகுலம் மாஸ்டருக்கு வேலை போனது. இரண்டு நாள் படுத்துக் கிடந்தார். மூன்றாம் நாள் எழுந்தபோது பசி எடுத்தது, தூக்கமும் ஒழுங்காக வந்திருந்தது. மன்றத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். கோச்சைத் திட்டுவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று இத்தனை வருஷம் தெரியாமல் போயிற்றே என்று பவுலினிடம் சொல்லி ஆச்சரியப்பட்டார்.

அடுத்த சீசன் வந்தது. முதல் மாட்சில் நாலு கோலில் தோற்றோம். ஐஸ் மெஷினைச் சுற்றி மறுபடி கூட்டம்.

"இந்த நாற்காலி சரியில்ல. மாட்ச் முழுக்க வாயைத் திறக்கல" என்றார் எரோனிமூஸ்.

"மூணாவது கோல் விழும்போதுகூட எந்திரிக்கல்ல. ஒரு மரியாதை வேண்டாம்?" என்றாள் பவுலின்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். விஷயம் தெரிந்த மனுஷர் அவர் ஒருவர்தானே.

"குறை எங்கன்னு நான் சொல்லுதேன். அது கை வச்ச நாற்காலி. கால்பந்துல கை பட்டா பவுலு."

கூட்டம் தலையில் அடித்துக்கொண்டது. இத்தனை நாளும் கண்ணெதிரே இருந்திருக்கிறது, ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

"அப்ப கை இல்லாதது எது?"

"ஸ்டூலு."

"கால்?"

"நாலு."

"மனுசக் கோச்சுக்கு?"

"ரெண்டே ரெண்டு."

மறுநாள் காலை, பிரின்சிபால் அறையில் ஐந்து பேரும் ஒரு மர ஸ்டூலைச் சுமந்து வந்து மேஜை முன்னால் வைத்தார்கள். பிரின்சிபால் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு அதைப் பார்த்தார். புதுக் கோச்சிடம் கேட்கவேண்டிய கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"இதுக்கு முன்னாடி எங்க இருந்தது?"

"கெமிஸ்ட்ரி லேபுல சார்."

"அங்கிருந்து ஏன் வெளிய போட்டாங்க?"

"ஒரு காலு ஆடுதுன்னு சார்" என்றார் ததேயு. குரலைத் தாழ்த்திக்கொண்டு மேஜை மேல் சாய்ந்தார். "நமக்கு ஆடுத காலுதானே சார் வேணும்?"